வீணாகும் உணவுக்கு யார் பொறுப்பு?

உணவை வீணாக்குவது தவறு என்று நம்மவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு பேர் ஒரே சஹனில் அமர்ந்து, சிந்திய பருக்கையையும் எடுத்து உண்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் வாங்கியவர் வீட்டில் வீணாவதில் விற்றவனுக்கும் பங்கு உண்டா? வர்த்தகர்களாகிய நாம் இதைச் சிந்திப்பதில்லை.

செங்காங்கில் உள்ள நமது சிறு மளிகைக் கடைக்குத் தனியே வாழும் மூதாட்டி ஒருவர் வருவதுண்டு. மூன்று கிலோ வெங்காயப் பைக்கு விலைச் சலுகை என்று பலகை வைத்திருந்தோம். அவரும் பையையே வாங்கிப் போனார். பிறகொரு நாள், "பாதி அழுகிப் போச்சு தம்பி, கொட்டிட்டேன்" என்றார். ஒருவருக்கு அது அதிகம் என்பது விற்கும்போதே நமக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

2016, 2017 ஆண்டுகளில் தேசியச் சுற்றுப்புற வாரியத்திற்காக நடந்த ஆய்வு ஒன்று, சிங்கப்பூரில் ஒரு வீட்டில் நாளொன்றுக்கு எறியும் ஒன்றரைக் கிலோ குப்பையில் ஏறத்தாழப் பாதி உணவுக் கழிவு என்றது. அதிலும் பாதிக்கு மேல் தவிர்க்கக்கூடியதாம். உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் நாடு இது! குப்பையை எரித்த சாம்பல் போய்ச் சேரும் செமாக்காவ் தீவும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள்.

எல்லா வீட்டுக்கும் ஒரே மருந்து உதவாது. தனியாக வாழ்பவருக்குக் கால் கிலோவாக நிறுத்துக் கொடுக்க வேண்டும். ஞாயிறன்று வாரத்திற்கும் சேர்த்து வாங்கும் தம்பதியரிடம், கீரையை முதலிரு நாட்களில் சமைத்துப் பூசணியைப் பின்னுக்கு வைக்கச் சொல்லலாம். பெரிய குடும்பத்தில், இரவு யார் வெளியே சாப்பிடுகிறார் என்று கேட்டபின் உலை வைத்தாலே பாதிச் சோறு மிஞ்சாது. ஒரே வீட்டில் கூடி வாழும் வாலிபர்கள் ஆளுக்கொன்றாக வாங்காமல் ஒரே கணக்கில் வாங்கலாம்.

"அதிகம் விற்காமல் வாடகை எப்படிக் கட்டுவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். வாங்குபவருக்கும் புத்தி உண்டு. நாம் யாரையும் ஏமாற்றவுமில்லை. ஆயினும் குறைத்து நிறுப்பது குற்றம் என்று மதரஸாவில் ஓதிய நாம், தேவைக்கு மிஞ்சி நிறுத்துத் தலையில் கட்டுவதைப் பற்றி என்ன சொல்லப் போகிறோம்?

பலகையை எடுத்துவிட்டோம். சில்லறைக்கும் பைக்கும் இப்போது ஒரே விலை. லாபம் சற்றுக் குறைந்தது உண்மை. மூதாட்டி இப்போது வாரம் இருமுறை வந்து கால் கிலோ வாங்குகிறார். கல்லாவில் குறைந்ததை அல்லாஹ் பரக்கத்தாகத் தருவான் என்று நம்புகிறோம். தராசைக் கையில் பிடித்திருக்கும் சகோதரர்களே, நீங்களும் சிந்திப்பீர்களாக!