அளவுகோல் வளரும்போது

மாமல்லபுரத்துச் சிற்பிகளின் கணக்கில் முகம்தான் அளவுகோல். முகத்தின் நீளம் ஒரு தாளம். உருவத்தின் உயரத்தை நவதாளம், தசதாளம் என்றே சொல்வார்கள். கல் எவ்வளவு பெரிதானாலும் முகத்தை வைத்து உடம்பை அளந்துவிடலாம்.

அந்த முகமே வளர்ந்துகொண்டிருந்தால்?

அக்ரோமெகலி என்று 1886-ல் பியர் மாரி பெயர் வைத்த நோய் அப்படிப்பட்டது. மூளைக்கு அடியில், மூக்கின் பின்பக்கம், பட்டாணி அளவில் இருக்கிறது பிட்யூட்டரி சுரப்பி. அதில் ஒரு கட்டி, பெரும்பாலும் புற்றுநோய் அல்லாதது, வளர்ச்சி ஹார்மோனை ஓயாமல் சுரக்கும். சிறுவயதில் வந்தால் ஆள் நெடுநெடுவென உயர்வார். பெரியவர்களுக்கு எலும்பு முனைகள் மூடிவிடுவதால் உயரம் கூடாது. விரல், பாதம், தாடை, மூக்கு, நாக்கு தடிக்கும். கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய வீக்கம். கண்டுபிடிக்கப் பல வருடங்கள் ஆகின்றன. தினமும் பார்க்கிற மனைவிக்குத் தெரியாது, கண்ணாடிக்கும் தெரியாது. புதிதாகப் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

அப்படியென்றால் அந்தப் புதியவர் சொல்ல வேண்டுமா?

அடுத்தவர் உடம்பைப் பற்றிப் பேசாதே என்பது நாகரிகம். (சொந்தக்காரர்களிடம் மட்டும் "என்ன இப்படி இளைச்சுட்ட", "குண்டாயிட்ட" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிடுவோம்.) ஆனால் பேசாமல் பார்ப்பது மட்டும் நாகரிகமா? தலீப் சிங் ராணாவை, அதாவது தி கிரேட் காளியை, 2007-ல் மல்யுத்த சாம்பியனாகக் கொண்டாடினோம். அந்தத் தாடையும் கைகளும்தான் வேடிக்கையே. 2012-ல் அமெரிக்காவில் அவருடைய பிட்யூட்டரிக் கட்டியை அகற்றினார்கள். நோயின் அடையாளத்துக்கா அத்தனை நாள் விசிலடித்தோம் என்று அப்போது யாரும் பெரிதாகச் சங்கடப்பட்டதாக நினைவில்லை.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் ஒருமுறை பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தார். அகன்ற தாடை, பற்களுக்கு இடையே சந்து, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த பருத்த விரல்கள். நான் மருத்துவன் அல்ல, படித்திருக்கிறேன், அவ்வளவுதான். முகத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மோதிர விரலில் இருந்த தழும்பைக் காட்டி, "மோதிரம் இறுகிடுச்சாண்ணே?" என்றேன்.

"அறுத்துத்தான் எடுத்தாங்க தம்பி."

"செருப்பு?"

"எட்டு போட்டுட்டு இருந்தேன். இப்ப பத்து. நின்னு வேலை பாக்குற காலு, வீங்கத்தானே செய்யும்."

ஐஜிஎஃப்-1 என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் நாளமில்லாச் சுரப்பி டாக்டரிடம் கேளுங்கள் என்றேன். கட்டி இருந்தால் மூக்கு வழியாகவே எடுத்துவிடுவார்கள், ஊசி மருந்தும் உண்டு என்றேன். கொஞ்சநேரம் சும்மா இருந்தார்.

"என் மூஞ்சி அசிங்கமா இருக்கா தம்பி?"

சொல்வதற்கான விலை இதுதான். ஒரு மனிதரைத் தன் முகத்தையே சந்தேகிக்க வைத்துவிடுகிறோம். அந்தச் சங்கடத்தை அஞ்சி வாயை மூடிக்கொள்வது அவருக்குச் செய்யும் மரியாதை என்று நான் நினைக்கவில்லை. நமக்கு நாமே செய்துகொள்ளும் வசதி அது. அதே சமயம், தழும்பிலிருந்தும் செருப்பிலிருந்தும் தொடங்கலாம். அவை அவருக்கே தெரிந்த விஷயங்கள். முகம் நாம் மட்டும் பார்ப்பது.

"அசிங்கம் இல்லண்ணே, மாறியிருக்கலாம். டாக்டர் பழைய போட்டோ கேப்பாங்க. கல்யாண ஆல்பம் இருந்தா எடுத்துட்டுப் போங்க."

"அது மழைல ஊறிப் போச்சு," என்றார். "வோட்டர் ஐடி இருக்கு. அதுல யாரு மூஞ்சி தெரியுது?"