மூச்சுக்குக் கூலி உண்டா?



சென்ற மாதம் ஒரு நாள் மாலை, ஜெபமாலை முடிந்தபின் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தகப்பனார் என்னைத் தேடி வந்தார். மகனுக்குக் கல் அறுக்கும் பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது. நல்ல சம்பளம். ஆனால் பையன் வீட்டுக்கு வரும்போது இமை மயிர்கூட வெளுத்திருக்கிறதாம், இரவில் இருமுகிறானாம். "அவன் மனசோடதான் சாமி போறான். கூலியும் பேசித்தான் குடுக்குறாங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரைக் குத்தம் சொல்றது?" என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. குருமடத்தில் ஒழுக்க சாஸ்திரம் படித்தவன்தான். ஆனாலும் பாடப் புத்தகத்துக் கேள்வி எதிரே நாற்காலியில் வந்து உட்காரும்போது வேறு முகம் காட்டுகிறது. ஒருவன் தானே சம்மதித்து ஆபத்தான வேலையை ஏற்றுக்கொண்டால், அதனால் விளையும் கேட்டுக்கு வேலை கொடுத்தவன் பொறுப்பாளி ஆவானா? அந்தச் சரக்கை வாங்குகிற நமக்கும் அதில் பங்கு உண்டா?

இதை யோசித்தபோது என் நினைவுக்கு வந்தது சிலேட்டு. நாற்பது வயதைத் தாண்டிய நம்மில் பலர் சிலேட்டில்தான் அகரம் பழகினோம். எச்சில் தொட்டு அழித்ததற்காக உபதேசியாரிடம் குட்டு வாங்கியவர்களில் நானும் ஒருவன். கோவை இலை தேய்த்துக் கறுப்பாக்கிய அந்தப் பலகை, பூமியிலிருந்து வெட்டியெடுத்த கல். ஆதியில் சேறாகப் படிந்தது, பூமியின் அழுத்தத்தால் இறுகி, ஏடு ஏடாகப் பிரியும் தன்மை பெற்றது.

இந்தக் கல்லுக்கு உலகப் புகழ் தேடித் தந்தது வேல்ஸ் நாட்டின் வடபகுதி. அங்கே இதைக் கூரை வேயப் பயன்படுத்தினார்கள். 18-ம் நூற்றாண்டின் இறுதியில் ரிச்சர்டு பென்னன்ட் என்னும் பிரபு பென்ரின் கல்சுரங்கத்தைப் பெரிதாக்கினார். அவருடைய செல்வம் ஜமைக்காத் தீவின் கரும்புத் தோட்டங்களிலிருந்து, அடிமைகளின் உழைப்பால் வந்தது. அடிமை வியாபாரத்தை ஒழிக்கக் கூடாதென்று பாராளுமன்றத்தில் வாதாடியவரும் அவரே. கூரைக் கல்லுக்கு அடியில் கரும்பும், கரும்புக்கு அடியில் சங்கிலியும் இருந்தது.

1898-ம் ஆண்டில் வேல்ஸ் முழுவதும் சுமார் 17,000 பேர் இத்தொழிலில் உழைத்து, 5 லட்சம் டன் ஓடு வெட்டினார்கள். ஒரு டன் நல்ல ஓடு கிடைக்கப் பத்து டன்னுக்கு மேல் கழிவுக் கல் குவியும். அந்தக் குவியல்கள் இன்றும் மலைகளாக நிற்கின்றன. ஓடுகளின் அளவுகளுக்குச் சீமாட்டிகளின் பட்டங்களையே பெயராக வைத்திருந்தார்கள்: 24 அங்குல நீளமுள்ளது 'டச்சஸ்', 20 அங்குலம் 'கவுண்டெஸ்', 16 அங்குலம் 'லேடி'. சீமாட்டிகளைத் தன் கையால் நாள் முழுதும் பிளந்துகொண்டிருந்தவன் வீட்டில் ரொட்டியும் தேநீரும்தான் ஆகாரம்.

வேலை எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நமது கேள்விக்கு அதுவே உயிர். மாதந்தோறும் நிர்வாகத்தின் ஆள் ஒவ்வொரு குழுவிடமும் வந்து, சில கஜம் அகலமுள்ள பாறைப் பகுதியை ஒப்படைத்து விலை பேசுவான். இதற்குப் பெயரே 'பேரம்'. குழுவில் பாறை உடைப்போர் தொடையில் சங்கிலியைச் சுற்றிக்கொண்டு செங்குத்தான பாறை முகத்தில் தொங்கித் துளையிட்டு வெடி வைப்பார்கள். மற்றவர்கள் கொட்டகையில் உட்கார்ந்து, உளியும் மரச் சுத்தியும் கொண்டு கல்லை ஏடுகளாகப் பிளந்து, ஓரம் செதுக்குவார்கள். வெடிமருந்துக்கும் கயிற்றுக்கும் உளி தீட்டுவதற்கும் ஆகும் செலவு இவர்கள் கூலியிலிருந்தே பிடிக்கப்படும். பாறை நல்லதாக அமைந்தால் சாப்பாடு. கெட்டதாக அமைந்தால் கடன். காகிதத்தில் பார்த்தால் இது சுதந்தரமான உடன்படிக்கை. வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு முழு உரிமை உண்டு. சொல்லிவிட்டு எங்கே போவான்? மலை முழுவதும் ஒரே பிரபுவுடையது.

பாறை முகத்தில் தொங்கியவனுக்குத் தன் ஆபத்து தெரியும். சங்கிலி நழுவினால் என்ன ஆகும் என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். கொட்டகையில் உட்கார்ந்தவன் நிலை வேறு. 19-ம் நூற்றாண்டின் நடுவில் வட்ட ரம்பங்களும் செதுக்கும் இயந்திரங்களும் வந்தபின் கொட்டகைகளில் தூசி நிறைந்தது. கண்ணுக்குத் தெரியும் தூசியைவிட, தெரியாத நுண்ணிய தூசியே கொடியது. கல்லிலுள்ள சிலிக்கா நுரையீரலின் அடிவரை சென்று தழும்பாக்குகிறது. பத்து, இருபது ஆண்டுகள் கழித்து மூச்சு முட்டுகிறது. க்ஷயரோகமும் எளிதில் பற்றுகிறது. தழும்பேறிய நுரையீரலைத் திரும்பப் பழையபடி ஆக்கும் மருந்து இன்றளவும் இல்லை.

1893-ம் ஆண்டு அரசாங்கம் ஒரு விசாரணைக் குழுவை ஏற்படுத்தியது. அக்காலத்தில் கம்பெனி வைத்தியர்கள் சொன்ன காரணம் என்ன தெரியுமா? தொழிலாளிகள் அடுப்பிலேயே வெகு நேரம் கொதிக்க விட்ட தேநீரைக் குடிக்கிறார்களாம், அதனால்தான் நோயாம்! நான் இதைப் படித்தபோது முதலில் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. படித்தவன், வைத்தியன், பாமரன் நம்புகிறவன், தனக்குச் சம்பளம் கொடுப்பவன் மனம் நோகாதபடி ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்கிறான். இதைத் திட்டமிட்ட பொய் என்று சொல்லத் துணியேன். தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டவனும் மனச்சாட்சிப்படிதான் பேசுவான். ஆனால் அந்தப் பேச்சை நம்பியவனுடைய சம்மதம் எப்படிச் சம்மதமாகும்?

1900 நவம்பரில் பென்ரின் தொழிலாளிகள் சுமார் 2,800 பேர், சங்க உரிமைக்காகவும் பேர முறையை மாற்றுவதற்கு எதிராகவும் வெளியேறினார்கள். மூன்று ஆண்டுகள் தாக்குப்பிடித்தார்கள். 'இந்த வீட்டில் துரோகி இல்லை' என்னும் அட்டை பெத்தெஸ்தா ஊரின் சன்னல்களில் தொங்கியது. 1903-ல் தோற்றுத் திரும்பினார்கள். அவர்கள் நம் சபையினர் அல்லர். ஆயினும் தங்கள் கூலியிலிருந்து காசு சேர்த்து 1884-ல் பாங்கர் நகரில் கல்லூரி தோன்ற உதவிய அந்த ஏழைகளை நினைத்தால் மரியாதை தோன்றுகிறது.

ஒழுக்க சாஸ்திரம் சம்மதத்துக்கு இரண்டைக் கேட்கிறது: அறிவு, சுயாதீனம். 1891-ம் ஆண்டு பாப்பரசர் 13-ம் சிங்கராயர் தொழிலாளர் பற்றி எழுதிய நிருபத்தில் சுயாதீனத்தைத்தான் தொட்டார். பட்டினிக்கோ, அதைவிடப் பெரிய தீமைக்கோ அஞ்சி ஒருவன் கடுமையான நிபந்தனைகளை ஏற்றால் அவன் பலாத்காரத்துக்கும் அநீதிக்கும் ஆளானவனே என்பது அவர் போதனை.

ஆனால் ஒன்றை மறுக்கலாகாது. ஆபத்தான வேலை யாவும் பாவமல்ல. நம் மீனவர் ஆடி மாதக் கடலுக்குப் போகிறார்கள். கிணறு வெட்டுகிறவன் இறங்கத்தான் வேண்டும். வேலையோடு பிறந்த ஆபத்து ஒன்று. நீக்கக்கூடியதாயிருந்தும் செலவை மிச்சம் பிடிக்க விட்டுவைத்த ஆபத்து மற்றொன்று. ரம்பத்தின்மேல் தண்ணீர் விழுந்தால் தூசியில் பெரும்பகுதி அடங்கிவிடும். தண்ணீர் விடாதவன், மிச்சப்பட்ட காசுக்கு ஈடாக அடுத்தவன் மூச்சை எடுத்துக்கொள்கிறான். ஏழாம் கற்பனையில் தொடங்கி ஐந்தாம் கற்பனைக்குள் போய்விடுகிறது இந்தக் கணக்கு.

ஈடு கொடுப்பதும் எளிதல்ல. தினோர்விக் சுரங்கம் 1969-ல் மூடப்பட்டது. நோயாளிகள் இருந்தார்கள்; வழக்குப் போடக் கம்பெனி இல்லை. 1979-ல்தான் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இவர்களுக்கு அரசே ஈடு கொடுக்கும் சட்டம் செய்தது. அதற்குள் புதைத்தவர்களைப் புதைத்தாயிற்று. 2021-ல் அந்த மலைப்பிரதேசம் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

நம் நாட்டிலும் மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌர் என்னும் ஊரில் சிலேட்டுக் குச்சி அறுத்தவர்களை அகமதாபாத் தொழில்நல ஆய்வு நிலையத்தார் பரிசோதித்து 1985-ல் வெளியிட்டார்கள்: பாதிக்கு மேற்பட்டோருக்கு இந்நோய். குழந்தை கையில் கொடுக்கும் குச்சி! அதை வாங்கிய தாய்மார் குற்றவாளிகள் என்று சொல்லேன், அவர்கள் அறியார்கள். அறிந்தபின் கேட்காதிருப்பதைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். தகப்பனாருக்கும் இது பொருந்தும். பிள்ளையின் சரீரம் பிள்ளைக்கே முழுச் சொந்தமல்ல. அதைச் செலவழிக்க அவன் சம்மதம் மட்டும் போதாது.

மறுநாள் நானும் அவரும் பட்டறைக்குப் போனோம். ரம்பத்தில் தண்ணீர்க் குழாய் இருந்தது, தண்ணீர் இல்லை. மோட்டார் எரிந்து இரண்டு மாதம் ஆயிற்று என்றார் சொந்தக்காரர். பழுது பார்க்க என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் சொன்ன தொகை அந்தப் பையனின் ஒரு மாதச் சம்பளத்துக்கும் குறைவு. தண்ணீர் வரும்வரை பிள்ளை வரமாட்டான் என்று தகப்பனார் சொன்னார். சொல்லும்போது குரல் நடுங்கியது. பன்னிரண்டு நாள் கூலி போயிற்று. தாயாருக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம். பதின்மூன்றாம் நாள் குழாயில் தண்ணீர் வந்ததாகப் பையன் பூசைக்குப் பின் வந்து சொன்னான். அங்கே அவனோடு இன்னும் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். இரண்டு மாதமாக அவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை என்றான்.