முடியும் விலையும்

மே மாதம் பிறந்தால் பைக்காரா படகுத்துறையில் சீட்டு வாங்க நிற்பவர்களின் வரிசை சாலைவரை நீள்வதும், உதகையில் மலர்க்காட்சியும் நாய்க்காட்சியும் குன்னூரில் பழக்காட்சியும் நடந்து பரிசுகள் வழங்கப்பெறுவதும் நீலகிரியில் வழக்கமாகிவிட்ட காரியங்கள். ரோஜாவுக்கும் நாய்க்கும் மதிப்பெண் இட்டு வரிசைப்படுத்துவதில் எவருக்கும் ஆட்சேபமில்லை. அவற்றுக்கு மானம் என்ற ஒன்று கிடையாது. 2025ஆம் ஆண்டின் அதே மே மாதத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் பிரதிநிதிகளாக இளம்பெண்கள் உலக அழகிப் போட்டிக்காக ஐதராபாத்தில் கூடினார்கள். தெலங்கானா அரசு அதற்கு உபசாரம் செய்தது. நம் தேசத்தின் சார்பில் ராஜஸ்தானத்துக் கோட்டா நகரைச் சேர்ந்த நந்தினி குப்தா நின்றார். இங்கிலாந்தின் சார்பில் வந்த மில்லா மேகி பாதியிலேயே தாயகம் திரும்பி, செல்வந்தரான புரவலர்களை மகிழ்விப்பதற்காகத் தங்களை விருந்து மேசைகளில் அமர்த்தினார்கள் என்று குற்றஞ்சாட்டினார். போட்டியை நடத்தியவர்கள் அதனை மறுத்தார்கள். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது.

அந்தக் குற்றச்சாட்டு மெய்யோ பொய்யோ, அறத்தின் தீர்ப்பு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தேசத்தின் கௌரவத்தை ஒரு பெண்ணின் மேனியில் ஏற்றிவைத்து, பொருள் படைத்தவர்களின் முன்னிலையில் அதனை மதிப்பிடச் செய்வது அதர்மம். அரசே அதற்குப் பந்தலிடுவது அதனினும் பெரிய அதர்மம்.

சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் இந்த விவகாரத்தை நமக்கு முன்னமே காட்டிவிட்டார். ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையில் அரங்கேறிய மாதவிக்குத் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறும் மாலையும் பரிசாகக் கிடைத்தன. அதுவரை நடந்தது கலைக்குச் செய்த சன்மானம். அடுத்தாற்போல், நகரத்துச் செல்வ இளைஞர்கள் உலவும் தெருவில் அந்த மாலையைக் கூனி ஒருத்தி ஏந்தி நிற்கிறாள். வாங்குகிறவனுக்கு மாதவி உரியவள். கோவலன் வாங்கினான். அவையில் மதிப்பாக இருந்தது தெருவில் விலையாக மாறுவதற்கு எத்தனை நாழிகை ஆயிற்று? அழகிக்குச் சூட்டும் முடியும் மேடையை விட்டு இறங்கிய மறுகணமே சோப்புக்கும் நகைக்கும் விளம்பரமாகிவிடுவதைக் காண்பவர்களுக்குக் கூனியின் உருவம் நினைவுக்கு வராமல் இருக்காது. அந்த மாதவியே பின்னாளில், இந்திர விழாவில் ஆட வரவேண்டும் என்று தாய் சித்திராபதி தோழி வயந்தமாலையைத் தூது விட்டபோது தானும் செல்லாமல், மகள் மணிமேகலையையும் அனுப்பாமல் மறுத்தாள் என்று மணிமேகலைக் காப்பியத்தில் சாத்தனார் உரைக்கிறார். நாலடியாரோ கூந்தலையும் ஆடைக்கரையையும் மஞ்சட்பூச்சையும் ஒருபுறம் ஒதுக்கிவிட்டுக் கல்வியின் பக்கம் நிற்கிறது. பண்டை நாளில் சுயம்வரம் இல்லையா என்று கேட்கக்கூடும். சுயம்வரத்தில் வரிசையாக நின்றவர்கள் ஆடவர்கள். ஒரே உருவில் அமர்ந்திருந்த ஐவருள் நளனைத் தேர்ந்தவள் தமயந்தி.

முலுகு மாவட்டத்து ராமப்பா கோயிலுக்கு அந்தப் போட்டியாளர்களை அழைத்துச் சென்ற நாளில் நடந்ததை இன்னும் சற்று நெருங்கி நோக்கவேண்டும். காகதீயர் காலத்துச் சிற்பங்களுக்குப் பேர்பெற்ற அந்தக் கோயிலில், மரபுடை அணிந்து வரிசையாக அமர்ந்த பெண்களின் பாதங்களில் உள்ளூர்ப் பெண்கள் நீர் வார்த்தார்கள், துணியால் துடைத்தார்கள். கண்டனம் எழுந்ததும், விருந்தினரைத் தெய்வமாகப் போற்றும் பாரத மரபு இது என்று சமாதானம் கூறப்பட்டது. விருந்தோம்பலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். கண்ணன் குசேலரின் பாதங்களைக் கழுவினான். பெண்ணாகடத்துக் கலிக்கம்ப நாயனார், தம்மிடம் முன்பு ஏவல் செய்து நீங்கிய ஒருவர் அடியாராக வந்தபோது அவருடைய பாதத்தைத் தம் கையாலேயே விளக்கினார் (தயங்கிய மனைவியின் கையை அவர் வெட்டியதை நாம் கொண்டாட வேண்டியதில்லை). இவர்களெல்லாம் செம்பைத் தாமே எடுத்தவர்கள். ராமப்பாவில் அந்தத் தொண்டு ஆட்சியாளர்கள் பங்குக்கு வரவில்லை. ஒரு பெண்ணைக் காட்சிப்பொருளாக்குவதற்கு இன்னொரு பெண் குனிய வேண்டியதாயிற்று.

1996இல் பெங்களூரில் இதே போட்டி நடந்தபோது கிளம்பிய எதிர்ப்பில் பெரும்பகுதி ஆடையின் அளவைப் பற்றியதாகவே இருந்தது. நீச்சலுடைச் சுற்றை செஷல்ஸ் தீவுக்குக் கொண்டுபோய் விட்டு, பெங்களூரில் முடிசூட்டினார்கள். போட்டியை எதிர்த்து மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து மாண்டார். அந்தப் பாதகத்துக்கு எந்த அறமும் அனுமதி தராது. துணியை நீட்டினால் தோஷம் தீர்ந்துவிடும் என்ற எண்ணத்தை ராமப்பாவின் மரபுடைகள் பொய்யாக்கிவிட்டன.

சுற்றுலாவை வளர்க்கவே இத்தனையும் என்பது ஆட்சியாளர்களின் வாதம். சுற்றுலாவால் பிழைக்கும் பைக்காராவில் இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கலாம். 1932 முதல் மின்சாரம் தந்து வரும் பைக்காரா ஆற்றை நீலகிரிப் பழங்குடியினரான தோடர் தெய்வமாக மதிப்பவர்கள். கடக்கும்போது போர்வைக்குள்ளிருந்து வலக்கையை வெளியே எடுத்து மரியாதை செய்வார்கள் என்று மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906இல் வெளிவந்த தம் நூலில் குறித்திருக்கிறார். ஒரு நீரோட்டத்துக்கே இத்தனை மரியாதை செய்யத் தெரிந்த மலையைக் காட்டிப் பயணிகளை அழைக்க, பெண்களை வரிசையில் நிறுத்தவேண்டிய அவசியம் என்ன?

தன் விருப்பத்தால் மேடையேறும் பெண்ணின் சுதந்திரம் என்று ஒன்று உண்டு, அதனை மறுப்பதற்கில்லை. 1966இல் உலக அழகியாகத் தேர்வான மருத்துவ மாணவி ரீட்டா ஃபரியா, ஓராண்டுக்குப் பின் அந்தப் பகட்டை உதறிவிட்டுப் படிப்புக்குத் திரும்பி மருத்துவரானார். தனியார் தம் பொருளில் நடத்தும் போட்டிக்கு ஒருத்தி தானே போகிறாள் என்றால் போகட்டும். அரசின் விருந்தினர் மாளிகையும் காவலும் கோயில் வாசலும் அதற்குத் திறக்கலாகாது. நாளை அந்தப் போட்டி நம் மாநிலத்தின் கதவைத் தட்டினாலும் இதுவே விடை.