விலகுவது துரோகமா?

ஒரு சங்கத்தைத் தம் கையால் தோற்றுவித்தவர், அச்சங்கத்தார் தம் சொல்லுக்குச் செவிசாய்க்க மறுக்கும்போது அதனை விட்டு வெளியேறுவது முறையா? அன்றி, உடன்படாத கருத்தை விழுங்கிக்கொண்டு உள்ளேயே அமர்ந்திருப்பதுதான் முறையா? இவ்வினாவுக்கு நம்மவர் நெடுங்காலமாக ஒரே விடையைக் கைவசம் வைத்திருக்கின்றனர். தோட்டத்துச் சங்கமாயினும் பட்டணத்து மன்றமாயினும், வெளியேறுகிறவர் வாசற்படியைத் தாண்டுமுன்னரே துரோகிப் பட்டம் அவர் முதுகில் ஒட்டப்பட்டுவிடும். முப்பது ஆண்டுகள் ஒரே நாற்காலியை விடாமல் பற்றியிருப்பவருக்கோ மாலை விழும். இத்தீர்ப்பு மிக மலிவானது என்பது நம் கருத்து. அதனை ஆராய்வதற்கு நாம் அயல்நாட்டுச் சரித்திரத்தைப் புரட்ட வேண்டுவதில்லை. ஜொகூரிலேயே அதற்கான கதை இருக்கிறது.

டத்தோ ஓன் பின் ஜாபர் 1895-இல் ஜொகூர் பாருவில் பிறந்தவர். தந்தையார் ஜாபர் பின் முகம்மது ஜொகூரின் முதல் மந்திரி பெசார். அரண்மனை நிழலில் வளர்ந்து இங்கிலாந்தில் பள்ளிக் கல்வி பெற்ற ஓன், அந்த அரண்மனையையே குறைகூறி எழுதியதால் 1927-இல் ஜொகூரை விட்டு விலக்கப்பட்டார். சிங்கப்பூரில் 'வார்த்தா மலாயா' பத்திரிகையின் ஆசிரியராக விளங்கினார். 1936-இல் மீண்டும் ஜொகூருக்குத் திரும்பினார். பத்திரிகை எழுதியவர் நாடாள வருவது அபூர்வம். வந்தபின் எழுதியதை மறவாதிருப்பது அதனினும் அபூர்வம்.

1946 ஏப்ரல் 1-இல் பிரிட்டிஷார் மலாயா யூனியனை நிறுவினர். அது சுல்தான்களின் அதிகாரத்தைப் பறித்தது. கூடவே, இந்நாட்டிற் பிறந்த வேற்றினத்தாருக்குக் குடியுரிமையின் கதவையும் அகலத் திறந்தது. மலாய் மக்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு மே 11-இல் ஜொகூர் பாரு இஸ்தானா பெசாரில் அம்னோ பிறந்தது. ஓன் அதன் தலைவரானார். 1948 பிப்ரவரி 1-இல் யூனியன் ஒழிந்து கூட்டரசு வந்தது. குடியுரிமையின் வாயில் குறுகியது. அந்நாளில் நம் தோட்டத்து மக்கள் சயாம் ரயில் பாதையிலிருந்து மீளாதவர்களை நினைத்து அழுதுகொண்டிருந்தனர். குடியுரிமை என்னும் சொல்லின் விலையை எடுத்துரைப்பார் அவர்களிடையே மிகச் சிலரே இருந்தனர். ஆகவே உண்மையை மறைப்பதற்கில்லை: நம் கதவைக் குறுக்கிய கைகளில் ஓனுடைய கையும் ஒன்று.

அதே கை சில ஆண்டுகளில் அக்கதவைத் திறக்க முயன்றதுதான் வியப்பு. 1949-இல் பல இனத் தலைவர்களும் கூடிப் பேசிய குழுவில் அவரும் அமர்ந்தார். அங்கு எவ்வளவு வாதம் நடந்ததோ, வெளிவந்தவர் பழைய ஓன் அல்லர். மற்றவர்க்குக் குடியுரிமையைத் தளர்த்தும் யோசனையை அம்னோ ஏற்கத் தயங்கியபோது, 1950 ஜூனில் தலைமையைத் துறந்தார். ஆகஸ்டில் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். மந்திரி பெசார் பதவியையும் அவ்வாண்டே விட்டிருந்தார். அடுத்து அவர் கேட்டது இன்னும் பெரிது. அம்னோவில் எல்லா இனத்தாரையும் சேர்க்க வேண்டும். அதன் பெயரில் மலாய்க்காரர் என்றிருப்பது மலாயாவினர் என்றாக வேண்டும். ஆங்கிலத்தில் பார்த்தால் ஒரு சொல்லின் கடைசி எழுத்துக்கள் மட்டுமே மாறும். சுருக்கப் பெயர்கூட மாறாது. அந்த இரண்டோர் எழுத்தைத் தர அம்னோ இசையவில்லை. 1951 ஆகஸ்டில் அவர் வெளியேற, துங்கு அப்துல் ரஹ்மான் தலைவரானார். அடுத்த மாதமே ஓன் எல்லா இனத்தாருக்குமான மலாயா சுதந்தரக் கட்சியைத் தொடங்கினார்.

இராமாயணத்தில் விபீடணனும் கும்பகர்ணனும் இவ்வினாவின் இரு விடைகள். அண்ணன் செய்தது தவறென்று இருவரும் அறிவர். ஒருவன் பிரிந்தான், ஒருவன் உடனிருந்து மாண்டான். நம் சீர்திருத்த மேடைகளில் விபீடணன் பெயர் வசைச் சொல்லாகவே வழங்குவதை நாம் அறிவோம். ஆனால் அவனைப் பழிப்பதற்குரிய காரணம் அவன் பிரிந்ததா, பிரிந்தபின் முடி சூட்டிக்கொண்டதா? ஓன் பிரிந்தபோது அவர் முன் முடி எதுவும் காத்திருக்கவில்லை. இருந்த முடியைத்தான் கழற்றி வைத்தார். 1951-இல் அவரைத் துரோகி என்றவர்களோடு நாம் உடன்படோம்.

1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகரசபைத் தேர்தல் நடந்தது. அம்னோவும் சீனர் சங்கமும் கைகோத்து 12 இடங்களில் 9-ஐக் கைப்பற்றின. ஓன் கட்சிக்குக் கிடைத்தவை 2. 1954-இல் அக்கட்சியை விட்டு நெகாரா கட்சியைத் தொடங்கினார். நாம் வருந்துவது இங்கேதான். 1955 தேர்தலில் வாக்காளர் 100 பேரில் ஏறத்தாழ 84 பேர் மலாய்க்காரர். அவ்வாக்குகளை நாடி, பிறநாட்டார் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்னும் முழக்கத்தை அக்கட்சி கையிலெடுத்தது. எக்கதவுக்காகத் தம் சங்கத்தையே துறந்தாரோ, அதனைச் சாத்துவதாகச் சொல்லி வாக்குக் கேட்டார்! பலனும் இல்லை. 52 இடங்களில் 51-ஐக் கூட்டணி வென்றது. சொந்த ஊராகிய ஜொகூர் பாருவிலேயே ஓன் தோற்றார். கூட்டத்தை விட்டு விலகியதை நாம் குற்றமென்னோம்; விலகியதற்குரிய காரணத்தை விட்டு விலகியதை எங்ஙனம் பொறுப்பது?

இதில் நமக்குக் கசப்பான பாடமும் உண்டு. இந்தியர் காங்கிரஸ் 1952-இல் ஓன் பக்கம் நின்றது. 1954-இல் கூட்டணியில் சேர்ந்தது. 1957-இல் சுதந்தர நாள் தொட்டு இங்குப் பிறப்போர் பிறப்பாலேயே குடிகளாவர் என்னும் உரிமை, இனம் இனமாக உட்கார்ந்து பேரம் பேசியவர்களால் வந்ததேயன்றி, இனம் பாராத கட்சியால் வரவில்லை. கொள்கை தோற்ற இடத்தில் பேரம் வென்றது. ஆனால் பேரத்தில் வந்த உரிமை, பத்திரமில்லாத தோட்டத் தொழிலாளரை எட்டவில்லை. 1969-க்குப் பின் வேலை அனுமதிச் சட்டம் வந்தபோது, ஆயுளெல்லாம் இந்த ரப்பர்க் காட்டில் கழித்தவர் எத்தனையோ பேர் தமிழகத்துக்குக் கப்பலேறினர். அன்று இரண்டோர் எழுத்து மாறியிருந்தால் அக்கப்பலில் ஏறியோர் குறைந்திருப்பரோ என்று எண்ணாமல் இருக்க நம்மால் இயலவில்லை.

1959-இல் கோல திரங்கானு தெற்கில் வென்று நாடாளுமன்றம் புகுந்த ஓன், 1962 ஜனவரி 19-இல் காலமானார். தந்தையோடு அம்னோவை விட்டு வெளியேறிய மைந்தர் உசேன் ஓன், 1968-இல் அம்னோவுக்குத் திரும்பி, 1976-இல் மலேசியாவின் பிரதமரானார். அவர் அம்னோவின் தலைவராயிருந்த காலத்திலும் தந்தை கேட்ட அந்த எழுத்துக்கள் மாற்றப்படவில்லை.