மலையும் மரவள்ளியும்

எருமப்பட்டிக்காரர்கள் தினமும் பார்க்கும் கொல்லிமலையில் முன்பு சாமை, தினை, வரகு, கேழ்வரகு என்று பலதும் விளைந்தன. ஒன்று பொய்த்தால் இன்னொன்று கஞ்சி ஊற்றும். பிறகு சேலத்து ஜவ்வரிசி ஆலைகளை நம்பி மரவள்ளி மலையேறிற்று. சாமையை உரலில் குத்திச் சலித்த பெண்களை இதற்காகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஒரே பயிர் என்பது, பூச்சிக்கு இலை போட்டுப் பந்தி விரித்த மாதிரி. தென்னமெரிக்க மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் தலைகாட்டி, சேலம், நாமக்கல் பக்கமும் பரவிற்று. அதற்கு எமனான குளவியோ பிறந்த நாட்டிலேயே தங்கிவிட்டது! ஆப்பிரிக்காவில் 1981 முதல் அந்தக் குளவியை விட்டுத்தான் பூச்சியை அடக்கினார்கள். 2022இல் சேலத்திலும் அதையே விட்டார்கள்.

பல பயிர் வைத்தால் வரவு குறைவது மலைக்காரனுக்கு, பத்திரம் எல்லோருக்கும். அப்படியிருக்க, ஜவ்வரிசிப் பாயசம் குடித்துக்கொண்டே அவனைச் சாமை விதைக்கச் சொல்வது என்ன நியாயம்? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் உபதேசத்தோடு நிற்கவில்லை. உரலுக்குப் பதிலாக மலைமேல் அரவை யந்திரம் வைத்துக் கொடுத்தார்கள்.