யாருடைய தவணை முதலில்?

2017 செப்டம்பர் 14 அன்று சபர்மதியில் மும்பை–அகமதாபாத் புல்லட் ரயிலுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 508 கிலோமீட்டர் பாதை, அன்றைய மதிப்பீட்டில் சுமார் 1.08 லட்சம் கோடி ரூபாய். சரியாகப் பதினைந்து நாள் கழித்து, மும்பை எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தின் குறுகலான நடைமேம்பாலத்தில் நெரிசலில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அகலமான பாலம் வேண்டுமெனப் பயணிகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த இடம் அது. ஒன்று மற்றதற்குக் காரணமில்லை. ஆனால் இரண்டும் ஒரே ரயில்வே அமைச்சகத்தின் பொறுப்பு. ஒன்றுக்குக் கிடைத்த அவசரம் மற்றதற்குக் கிடைக்கவில்லை.

திட்டத்தை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் கடனைப் பற்றியது. அன்றைய மதிப்பீட்டில் 81 விழுக்காட்டை ஜப்பான் 0.1 விழுக்காடு வட்டியில் தருகிறது. திருப்பிச் செலுத்த 50 ஆண்டுகள். அந்தப் பணம் புல்லட் ரயிலுக்கென்றே வருவது, நடைமேம்பாலத்துக்குக் கிடைத்திராது என்கிறார்கள். உண்மைதான். ஆனால் திருப்பிக் கட்டும் பணத்தில் அப்படி எந்தப் பெயரும் எழுதியிருக்காது. அது பொதுப்பணம், யென்னில் கட்டவேண்டியது என்பதால் யென்னுக்கு எதிராக ரூபாய் சரியும்போதெல்லாம் சுமை கூடும். அந்த ரயிலில் ஒருநாளும் ஏறப்போகாதவர்களும், இன்னும் பிறக்காதவர்களும் அதைச் சுமப்பார்கள். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக ஒரு தேவை மற்ற தேவைகளை முந்திவிட முடியாது.

முந்தி நிற்கவேண்டிய தேவை எது என்பதை அரசு அமைத்த குழுவே சொல்லியிருக்கிறது. அனில் ககோட்கர் தலைமையிலான ரயில்வே பாதுகாப்புக் குழு, ஆண்டுதோறும் சுமார் 15,000 பேர் தண்டவாளத்தைக் கடக்கும்போது இறக்கிறார்கள், அவர்களில் ஏறத்தாழ 6,000 பேர் மும்பைப் புறநகரில் மட்டும் என்று 2012-ல் அறிக்கை தந்தது. சீரமைக்க ஐந்தாண்டுகளில் 1 லட்சம் கோடி கேட்டது. ஏறக்குறைய புல்லட் ரயிலின் 2017 மதிப்பீட்டு விலை. 2017-ல் அதே அளவில் பாதுகாப்பு நிதி அறிவிக்கப்பட்டதை மறைக்கக் கூடாது. ஆனால் ரயில்வே தன் வருவாயிலிருந்து அதில் போடவேண்டிய பங்கில் பெரும்பகுதியைப் போடவில்லை என்று கணக்குத் தணிக்கை அறிக்கை 2022-ல் காட்டியது.

ஜப்பானும் உலக வங்கியிடம் கடன் வாங்கித்தானே 1964-ல் தன் முதல் புல்லட் ரயிலைத் தொடங்கியது என்று கேட்கலாம். டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையிலான பழைய பாதை அப்போது பிதுங்கிக்கொண்டிருந்தது. நெரிசல் இருந்த இடத்திலேயே புதிய பாதை போட்டார்கள். மும்பை–குஜராத் பாதைக்கும் அந்த நியாயம் ஓரளவு பொருந்தும். ஆகவே வேகத்தை ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. வேலையை நிறுத்தச் சொல்லவும் இல்லை. கேட்பது வரிசையை மாற்றத்தான். ஜப்பானுக்கான தவணை ஒருமுறையும் தவறாது, தவற அரசு விடாது. பாதுகாப்பு நிதிக்கான பங்கையும் அப்படியே கடனாக எழுதி, ஒவ்வோர் ஆண்டும் புல்லட் ரயிலுக்கு ஒரு ரூபாய் ஒதுக்கும் முன்பே அதைக் கட்டிமுடிக்கவேண்டும்.