மங்கலப் பொருளும் மனித மதிப்பும்

பசித்தவனுக்குச் சோறிடுவதும் கொடை. இல்லம் வந்தவருக்கு வெற்றிலை தருவதும் கொடை. முன்னது தேவையை நோக்கியது. பின்னது மதிப்பை நோக்கியது. இவ்விரண்டையும் பிரித்தறிந்தால்தான் நோன்பு நாள்களில் சுமங்கலிப் பெண்களுக்கு வழங்கப்பெறும் தாம்பூலத்தின் உட்பொருள் விளங்கும்.

தமிழகம், ஆந்திரம், தெலங்கானா, கருநாடகம் ஆகிய நிலங்களில் வரலட்சுமி நோன்பு பெரிதும் போற்றப்படுகிறது. சிராவண மாதத்து முழுநிலவுக்கு முந்திய வெள்ளிக்கிழமையன்று கலசத்தில் அரிசியிட்டு, மாவிலையும் தேங்காயும் வைத்துத் திருமகளை எழுந்தருளச் செய்வர். ஒன்பது முடிச்சிட்ட மஞ்சள் நூலை வலக்கையில் கட்டிக்கொள்வர். பின்னர் அண்டை அயலிலுள்ள பெண்களை அழைத்து, மஞ்சள், குங்குமம், வெற்றிலை, பாக்கு, பூ, பழம், கண்ணாடி வளையல், இரவிக்கைத் துணி முதலியவற்றை வழங்குவர். கருநாடகத்துக் கௌரி நோன்பில் இத்தகைய பொருள்கள் முறத்தில் நிரப்பப்பெற்று, ‘பாகின’ என்னும் பெயரால் கைமாறுகின்றன.

இப்பொருள்களின் விலை பெரிதன்று. ஓர் இல்லத்தில் பெற்ற இரவிக்கைத் துணி, மடிப்புக் கலையாமலே மற்றோர் இல்லத்துத் தட்டில் ஏறுவதைப் பெண்கள் அறிவர், அறிந்து நகைப்பர். இன்று தந்தவள் நாளை பெறுவாள். திருக்குறளின் ஈகை அதிகாரம், வறியவர்க்குத் தருவதையே ஈகை என வரையறுத்து, ஏனையவற்றைத் திரும்பப் பெறும் கடனோடு ஒப்பிட்டுத் தொடங்குகிறது. அவ்வளவுகோலால் அளந்தால் தாம்பூலம் ஈகையாகாது. ஆகவே அது வெற்றுச் சடங்கு என்று முடிவு கட்டலாமோ? கூடாது. தாம்பூலம் பெறுபவள் வறுமையால் அதனைப் பெறுவதில்லை. திருமகளின் வடிவாக எண்ணப்பெறுவதால் பெறுகிறாள். ‘நீ எம் இல்லத்திற்கு வேண்டியவள்’ என்பதைச் சொல்லாமற் சொல்வதே அதன் பயன்.

அறத்தின் வினா இங்கேதான் எழுகின்றது. மதிப்பே கொடையாயின், அதனை மறுப்பது அவமதிப்பு அன்றோ? காலையில் உளுந்தரைத்து, கொழுக்கட்டைக்குப் பூரணம் கிளறிய கைகள் கணவனை இழந்த ஒருத்தியின் கைகளாக இருக்கலாம். மாலையில் விளக்கேற்றியதும் அவள் பின்கட்டுக்குச் சென்றுவிடுகிறாள். போ என்று எவரும் சொல்வதில்லை. சொல்லாமலே அவளே ஒதுங்கக் கற்றுக்கொண்டிருப்பதுதான் கொடுமை. ஓரிடத்தில் சோறு மறுக்கப்பட்டால் வேறிடத்தில் உண்ணலாம். உற்றாரே மதிப்பை மறுத்தால் அதனை எங்கே சென்று பெறுவது?

“கணவனின் நீண்ட வாழ்நாளை வேண்டும் நோன்பில் கைம்பெண்ணுக்கு இடம் ஏது?” என வினவுவோர் உளர். இதனை எளிதில் தள்ளிவிடலாகாது. வேண்டுதல் அவரவர் உரிமை. ஆயின் வேண்டுதல் வேறு, தாம்பூலம் வேறு. திருமணமாகாத சிறுமியருக்கும் அதே தட்டு நீட்டப்படுகிறதே, அவர்களுக்குக் கணவர் உண்டோ? பூவும் பொட்டும் வளையலும் பிறந்த வீட்டில் குழந்தைப் பருவத்திலேயே வந்தவை. அவற்றைக் கணவனின் இறப்பு எவ்வாறு கொண்டுசெல்ல இயலும்? ஆகவே, ஒருத்தியை ஒதுக்குவதற்கு மூலம் பிறர் துயரம் தம்மையும் தொடர்ந்துவிடுமோ என்னும் அச்சமே ஆகும். அச்சத்தை மரபென்று அழைப்பதால் அது அறமாகிவிடாது.

நோன்புக் கதையே இதற்குச் சான்று. கனவில் திருமகளைக் கண்ட சாருமதி, அப்பேற்றைத் தனக்கென வைத்துக்கொள்ளவில்லை. உற்றாருக்கும் ஊர்ப் பெண்களுக்கும் உரைத்து, அவர்களோடு கூடியே நோற்றாள். பகிர்தலே அக்கதையின் உயிர்.

இளமையிலேயே கணவனை இழந்த சகோதரி சுப்பலட்சுமி (1886–1969), 1911ஆம் ஆண்டில் சென்னையில் பட்டம் பெற்றார். மறு ஆண்டே இளங்கைம்பெண்களுக்கு ஓர் இல்லம் தொடங்கிக் கல்விக்கு வழி செய்தார். மங்கல நிகழ்ச்சிகளில் ஒதுக்கப்பட்ட பெண்களுள் பலர் ஆசிரியைகளாகி, ஊரார் குழந்தைகளுக்கு எழுத்தறிவித்தனர். அக்கைகளிலிருந்து கல்வியைப் பெற்ற சமுதாயம், அக்கைகளில் ஒரு வெற்றிலையை வைக்கத் தயங்கியது என்ன நியாயம்?

நோன்பைக் கைவிடுமாறு எவரையும் வற்புறுத்த வேண்டுவதில்லை; மந்திரங்களில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டுவதில்லை. தட்டை ஏந்திய இல்லத்தலைவி, கூடத்தில் அமர்ந்திருப்போருக்கு வழங்குமுன் பின்கட்டுக்குச் சென்று, அங்கே இருப்பவளின் கையைப் பற்றி அழைத்து வந்தால் போதும். முதல் தாம்பூலம் அவளுக்கே உரியது.